நெடுந்தீவு ஒருநாள் டூர் என்று முற்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கும் நெடுந்தீவுக்குப் போகும் யோசனையில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் காசைக் கட்டுங்கள். முகநூல் விளம்பரம் ஒன்றைப் பார்த்துக் குடும்பமாகப் பதிவு செய்தோம். ஆளுக்கு 9,500 ரூபா, தனிப் படகு, மதியச் சாப்பாடு, தீவு முழுக்கச் சுற்ற வாகனம் என்றார்கள். பாதிக் காசு முன்கூட்டியே வங்கியில் போட வேண்டுமாம், போட்டோம்.

தீவுக்குப் படகு புறப்படும் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போனால் தனிப் படகும் இல்லை ஒன்றும் இல்லை. ஊர்ச் சனம் போய்வரும் படகிலேயே எங்களையும் நெருக்கி ஏற்றிவிட்டார்கள், கிட்டத்தட்ட ஒரு மணி நேரக் கடல், அம்மாவுக்கு எழுந்து இடம் கொடுத்தது கூட நெடுந்தீவுத் தம்பி ஒருவர்தான். இறங்கியதும் ஏற்கெனவே ஆட்கள் நிறைந்த பிக்கப். ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, பெருக்கு மரம் (பாவோபாப்), அவ்வளவுதான். பிள்ளைகள் வந்ததே தெற்கு வெளியில் மேயும் குதிரைகளைப் பார்க்க, போர்த்துக்கேயர் ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை அவை. அங்கே எப்போது போவோம், வெடியரசன் கோட்டைக்கு எப்போது போவோம் என்று கேட்டால் “கடைசிப் படகு போயிடும் அக்கா” என்ற ஒரே பதில். சாப்பாடு என்று வந்தது ஆறிப்போன சோற்றுப் பார்சல்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒல்லாந்தர் கோட்டைச் சுவர் பவளக்கல்லால் கட்டியது, கிட்டப் போய்ப் பார்த்தால் கல்லில் பவளத்தின் வரிகள் சின்னச் சின்னப் பூக்களாக அப்படியே தெரியும். வழிகாட்டி என்று வந்தவர் அதில் ஒரு கல்லை அசைத்துப் பிடுங்கி, “ஞாபகத்துக்கு வச்சிருங்கோ பிள்ளை” என்று என் மகளின் கையில் கொடுத்தார். எனக்கு வயிறு எரிந்துவிட்டது. இடிந்தது போக மிஞ்சியிருப்பதே கொஞ்சம், வருகிறவர்களுக்கெல்லாம் இப்படிப் பிடுங்கிக் கொடுத்தால் என்ன மிஞ்சும்? கல்லை அதே இடுக்கில் திரும்ப வைத்துவிட்டு வந்தோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் வாட்ஸ்அப்பில் ப்ளொக் பண்ணிவிட்டார்கள். இப்போது வேறு பெயரில் அதே படங்களோடு விளம்பரம் ஓடுகிறது.

இவர்கள் இல்லாமலே போகலாம். யாழ்ப்பாணத்திலிருந்து 776 பஸ் குறிகட்டுவான் வரை போகும், காலைப் படகைப் பிடியுங்கள். அப்புறம் தீவிலேயே ஓட்டோ பேசிக்கொள்ளலாம், ஆனால் குதிரை வெளியும் வெடியரசன் கோட்டையும் சேர்த்துத்தான் என்று ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்பதைப் படகுக்காரரிடமே கேளுங்கள், தண்ணீரும் சாப்பாடும் கையோடு கொண்டுபோங்கள்.