ஒசாகா கச்சேரியா, லாங் பீச் திருவிழாவா?

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் ராமேசுவரம் பக்கத்து எங்கள் தங்கச்சிமடத்தில் இரண்டு சத்தம் விடாமல் கேட்கும். கரையில் கிடக்கும் விசைப்படகுகளில் பழைய பெயின்டைச் சுரண்டுகிற சத்தம் ஒன்று. அண்ணனின் இஞ்சின் பட்டறையிலிருந்து வருகிற கிடார் சத்தம் இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அதனால் இஞ்சின் வேலை எல்லாம் அந்த இரண்டு மாதத்தில்தான் வந்து குவியும். அண்ணன் என் பெரியப்பா மகன், மெரைன் இஞ்சின் மெக்கானிக். கிரீஸ் கையோடு பாட்டை மாற்றிக்கொண்டே வேலை பார்ப்பார். கீழக்கரையிலிருந்து காக்கா ஒருவர் வாரம் தவறாமல் வந்து உட்காருவார் (அங்கே முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள்). மண்டபத்தில் இருக்கும் அக்கா மகனும் லீவு நாளில் வந்து சேருவான்.

அங்கே வருடக்கணக்காகத் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. பழைய ராக் பேண்டுகளின் லைவ் ஆல்பங்களில், அதாவது மேடைக் கச்சேரியிலேயே பதிந்த ஆல்பங்களில், எது பெரியது? காக்காவுக்கு டீப் பர்ப்பிளின் 'மேட் இன் ஜப்பான்'. அண்ணனுக்கு அயர்ன் மெய்டனின் 'லைவ் ஆஃப்டர் டெத்'. இரண்டையும் நான் இத்தனை வருடம் மாறி மாறிக் கேட்டிருக்கிறேன். என் கட்சி எது என்று எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் ஒரு விஷயம். இந்த இரண்டு ஆல்பத்துக்கும் பின்னால் இருந்த கை ஒன்றுதான். மார்ட்டின் பிர்ச். 1972-இல் ஜப்பான் கச்சேரிகளைப் பதிவு செய்த இஞ்சினியர் அவர். 1985-இல் வந்த மெய்டன் ஆல்பத்துக்குத் தயாரிப்பாளரும் அவரே. 2020-இல் காலமானார். ஆகவே பதிவின் தரத்தை வைத்து வழக்கு நடத்த முடியாது. ஒரே ஆசாரி கட்டிய இரண்டு வல்லம் மாதிரி. எது எந்தக் கடலுக்கு என்றுதான் பார்க்க வேண்டும்.

காக்காவின் வாப்பா துபாயில் வேலை பார்த்தவர். எண்பதுகளில் அவர் கொண்டுவந்த பெட்டியில்தான் 'மேட் இன் ஜப்பான்' கேசட் வந்தது. எங்கள் ஊர் உப்புக்காற்றில் எந்த டெக்கும் இரண்டு வருடம் தாங்காது. உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங் துருப்பிடிக்கும், டேப் இழுபடும், பர்ப்பிள் பாடகர் இயன் கில்லனின் குரல் திடீரென்று தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல ஆகிவிடும். கேசட்டை வெளியே எடுத்து, பல்சக்கரத்தில் பேனாவைச் செருகிச் சுற்றி, நாடாவை இறுக்கி, மறுபடி போடுவார் காக்கா. அந்தக் கேசட்டை அவர் இன்னும் வைத்திருக்கிறார். உறையின் மடிப்பில் பழுப்பாக ஒரு கோடு, ஓரத்தில் வாப்பாவின் கையெழுத்தில் ஊர்ப் பெயர்.

அண்ணனுடைய கதை வேறு. 'லைவ் ஆஃப்டர் டெத்' மொத்தம் நூறு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. மதுரையில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் ஒரு கடையில் 90 நிமிடக் கேசட்டில் பதிந்து வாங்கினார். டேப் முடிந்த இடத்தில் ஆல்பமும் முடிந்தது. கடைசிப் பாட்டுகள் அவருக்குப் பல வருடம் தெரியவே தெரியாது. அப்புறம் சிடி வந்தபோதும் அதே கதைதான். மூல ஆல்பம் இரண்டு இசைத்தட்டு, நான்கு பக்கம்; ஆரம்ப கால ஒற்றை சிடியில் நான்காவது பக்கத்தின் ஐந்து பாட்டும் கிடையாது. பின்னால் வந்த இரட்டை சிடியில்தான் அவர் முழு ஆல்பத்தையும் கேட்டார். 'மேட் இன் ஜப்பான்' அந்த வகையில் கொடுத்து வைத்தது. ஏழே பாட்டு, ஏறத்தாழ 76 நிமிடம். 90 நிமிடக் கேசட்டில் பக்கம் மாறும்போது கூடப் பாட்டு அறுபடாது.

சரி, பாட்டுக்கு வருவோம். 1972 ஆகஸ்ட் 15, 16 ஒசாகாவில், 17 தோக்கியோ புடோக்கான் அரங்கில். மூன்று ராத்திரிக் கச்சேரியிலிருந்து பொறுக்கி எடுத்ததுதான் 'மேட் இன் ஜப்பான்'. பேண்டுக்கு இப்படி ஓர் ஆல்பம் போடுவதில் பெரிய ஆர்வம் இருக்கவில்லை. ஜப்பான் கம்பெனி கேட்டதால் ஒத்துக்கொண்டார்கள். ஆர்கன் வாசிக்கும் ஜான் லார்டு சொன்ன கணக்குப்படி மொத்தச் செலவே சுமார் 3,000 டாலர்தான். மிக்சிங்குக்கு பேஸ் கிடார் ரோஜர் குளோவரும் டிரம்ஸ் இயன் பெய்சும் மட்டும் போனார்கள். கில்லனுக்குத் தன் பாட்டில் திருப்தியே இல்லை. இவ்வளவு அசட்டையாகப் பிறந்த ஆல்பம்!

ஆனால் கேட்டுப் பாருங்கள். 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்' நடுவில் ரிச்சி பிளாக்மோர் கிடாரில் ஒரு சங்கதி வாசிக்கிறார். கில்லன் அதையே தொண்டையில் திருப்பிக் கொடுக்கிறார். இவர் இன்னும் உயரத்துக்கு ஏறுகிறார், அவரும் விடாமல் ஏறுகிறார். ராமேசுவரம் கோயில் புறப்பாட்டில் இரண்டு நாயனக்காரர்கள் எதிரெதிரே நின்று ஒருவர் வாசித்ததை அடுத்தவர் வாங்கி வாசிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 'தி மியூல்' பாட்டில் பெய்சின் டிரம்ஸ் அப்படியே ஒரு தனி ஆவர்த்தனம். ஒரு காதில் கிடார், மறு காதில் லார்டின் ஆர்கன். அந்த ஆர்கனை அவர் கிடாருக்கு வைக்கும் மார்ஷல் ஆம்ப் வழியாக விட்டதால் அதன் அடித்தொண்டையில் ஒரு கரகரப்பு இருக்கும்.

'சைல்ட் இன் டைம்' தொடங்கும்போது பட்டறையில் ஸ்பேனர் சத்தம் நின்றுவிடும். யாரும் சொல்லி நிற்பதில்லை. ஆர்கன் அவ்வளவு மெதுவாக ஆரம்பிக்கிறது. தகரக் கூரையில் காகம் நடக்கிற சத்தம் கூடக் கேட்கும். குரல் முனகலாக வந்து, படிப்படியாக ஏறி, வீறிட்டு நிற்கும்போது தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பன்னிரண்டு நிமிடம். ஸ்டுடியோவில் பாடியதைவிட இரண்டு நிமிடம் கூட. அந்த இரண்டு நிமிடத்துக்குள் ஒரு மனிதன் தன் குரலோடு சண்டை போடுவது தெரிகிறது.

அண்ணன் ஒத்துக்கொள்ள மாட்டார். "அந்தக் கடைசிப் பாட்டு நங்கூரம் இழுபடுற மாதிரி இழுக்குது காக்கா" என்பார். 'ஸ்பேஸ் டிரக்கின்' பாட்டைத்தான் சொல்கிறார். ஸ்டுடியோவில் நாலரை நிமிடப் பாட்டு, இங்கே இருபது நிமிடம். நடுவில் ஓர் ஐந்து நிமிடம் அவர் சொல்வதில் நியாயம் உண்டு. காக்காவின் பதில் எப்போதும் ஒன்றே: "மேலே அலை இல்லேன்னு பார்க்காதீங்க தம்பி, கீழே நீவாடு இழுக்குது." நீரோட்டத்தைச் சொல்கிறார்.

அண்ணனின் ஆல்பத்துக்கு வருவோம். 1984 ஆகஸ்டில் போலந்தில் தொடங்கிய சுற்றுப்பயணம் அடுத்த வருடம் ஜூலை வரை ஓடியது. அதன் நடுவே, 1985 மார்ச்சில், கலிபோர்னியாவின் லாங் பீச் அரங்கில் நான்கு ராத்திரி. பெரும்பகுதி அங்கே பதிந்தது. நான்காவது பக்கம் மட்டும் 1984 அக்டோபரில் லண்டன் ஹேமர்ஸ்மித்தில் பதிந்தது. சர்ச்சிலின் போர்க்கால உரை ஒலிக்கிறது, கூட்டம் கொதிக்கிறது, 'ஏசஸ் ஹை' வெடிக்கிறது. கொடியேற்றம் என்றால் இதுதான் கொடியேற்றம். ஸ்டீவ் ஹாரிசின் பேஸ் கிடார் குதிரை ஓடுகிற மாதிரி முன்னால் வந்து நிற்கும். பாட்டுகள் ஸ்டுடியோவில் இருந்த உருவத்திலேயேதான் இருக்கின்றன, ஆனால் வேகம் கூட, வெறி கூட. புரூஸ் டிக்கின்சனின் குரல் சில இடங்களில் களைத்துத் தெரிகிறது என்று அக்கா மகன் சொல்வான். அத்தனை மாத ஊர்வலம், களைப்பு இல்லாமல் எப்படி இருக்கும்?

ஆனால் இந்த ஆல்பத்தில் ஆறாவது ஆள் ஒருவர் இருக்கிறார். கூட்டம். 'ரன்னிங் ஃப்ரீ' பாட்டில் டிக்கின்சன் அரங்கத்தையே இரண்டாகப் பிரித்துப் பாட வைக்கிறார். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் நம் பக்கத்து ஆட்களும் இலங்கையிலிருந்து வந்தவர்களும் ஒரே பாட்டைப் பாடும்போது மணல் அதிருமே, அந்த நினைவு எனக்கு வரும். 'மேட் இன் ஜப்பான்' கூட்டம் மரியாதையாகக் கேட்கிற கூட்டம், சபைக் கூட்டம். இது தேர் இழுக்கிற கூட்டம்.

அப்புறம் அந்தக் கடல் பாட்டு. 'ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மரினர்'. 1798-இல் வெளிவந்த ஓர் ஆங்கிலக் கவிதையை ஹாரிஸ் பதின்மூன்று நிமிடப் பாட்டாக்கினார். ஒரு மாலுமி காரணமில்லாமல் ஓர் ஆல்பட்ராஸ் பறவையைக் கொல்கிறான். காற்று நின்றுவிடுகிறது. கப்பல் நடுக்கடலில் அசையாமல் கிடக்கிறது. சுற்றிலும் தண்ணீர், குடிக்கச் சொட்டு இல்லை. கூடவந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். பறவை உங்கள் மேல் எச்சமிட்டால் என்ன செய்யக்கூடாது என்பதற்கான பாட்டு இது என்று டிக்கின்சன் மேடையில் சிரித்துக்கொண்டே அறிமுகம் செய்வார். ஆனால் நடுவே இசை அடங்கி, பேஸ் கிடார் மட்டும் மெதுவாக நடக்க, தாழ்ந்த குரலில் கதை வருகிற இடத்தில் சிரிப்பு ஏதும் மிஞ்சாது.

அண்ணன் இளவயதில் கடலுக்குப் போனவர். இஞ்சின் நின்றுபோய், காத்தும் விழுந்து, ஒரு பகல் ஒரு ராத்திரி தெற்கே கிடந்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் கேனில் இருந்த தண்ணீரை மூடியில் ஊற்றி அளந்து குடித்தார்களாம். அதற்குப் பிறகுதான் அவர் இஞ்சின் வேலை பழகினார். அந்தப் பாட்டின் நடுப்பகுதி வரும்போது அண்ணன் பேச மாட்டார். காக்காவும் அப்போது வாதம் பண்ண மாட்டார்.

மற்ற போட்டியாளர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தி ஹூவின் 'லைவ் அட் லீட்ஸ்', 1970. பழுப்புக் காகிதப் பை போன்ற வெறும் உறையில் வந்தது. நேர்மையான முரட்டுச் சத்தம். ஆனால் அதன் முதல் பதிப்பில் ஆறே பாட்டு, எனக்குப் பசி அடங்கவில்லை. அக்கா மகன் மெய்டனின் 'ராக் இன் ரியோ'வைத் தூக்கிப் பிடிப்பான். 2001 ஜனவரியில் பிரேசிலில், சுமார் இரண்டரை லட்சம் பேர் முன்னால். 'ஃபியர் ஆஃப் தி டார்க்' பாட்டில் கிடார் மெட்டையே கூட்டம் பாடுகிறது, அதைக் கேட்டு ராகம் பிடிக்காதவன் இல்லை. இருந்தாலும் ஒலி கொஞ்சம் மொத்தையாக இருக்கிறது. பிர்ச்சின் கை அதில் இல்லை.

என் தீர்ப்பு இதுதான். ஒரு லைவ் ஆல்பத்தை எடை போட நான் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: ஸ்டுடியோ ஆல்பம் கையில் இருக்கும்போது இது எதற்கு? 'லைவ் ஆஃப்டர் டெத்' சொல்கிற பதில், அந்த ராத்திரி நீயும் கூட்டத்தில் நின்றாய் என்பது. 'மேட் இன் ஜப்பான்' சொல்கிற பதில், இந்தப் பாட்டு இப்படியும் இருக்கும் என்று எங்களுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது என்பது. ஐந்து பேர் ஒருவரை ஒருவர் காதுகொடுத்துக் கேட்டு, அந்த இடத்திலேயே பாட்டைக் கட்டுகிறார்கள். நான் காக்கா கட்சி. ஒரே ஒரு பாட்டில் மட்டும் அண்ணன் கட்சி, அது எந்தப் பாட்டு என்று சொல்ல வேண்டியதில்லை.

புதிதாகக் கேட்கப்போகிறவர்களுக்கு என் யோசனை: 'மேட் இன் ஜப்பான்' ஆல்பத்தை ஹெட்போனில், தனியாக, ராத்திரியில் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் 'தி மியூல்' வெறும் தகரத் தட்டல்தான். 'லைவ் ஆஃப்டர் டெத்' நாலு பேர் கூடியிருக்கும்போது, பெரிய ஸ்பீக்கரில். முதல் தடவை கேட்கும்போது நான்காவது பக்கத்தை விட்டுவிடாதீர்கள். 'ஃபேன்டம் ஆஃப் தி ஆபரா' அங்கேதான் இருக்கிறது.

போன ஜூன் 14 ராத்திரி பட்டறை வேலை முடிந்தது. கடைசிப் படகின் இஞ்சினை ஓட்டிப் பார்த்துவிட்டு அண்ணன் கையைத் துடைத்தார். காக்கா தன் பென் டிரைவை நீட்டினார். "கடல் பாட்டை இதுல ஏத்திக் கொடுங்க தம்பி" என்றார்.