நுண்துளைத் தாரா, கற்பாவா? மழைநீர் எந்தப் பக்கம் போகிறது?

விரைவுச்சாலையில் மழைக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்குத் தெரியும்: மழையைவிட மோசம், முன்னால் போகும் லாரி கிளப்பும் நீர்ப்புகை. அதை அடக்கத்தான் நுண்துளைத் தார். சாதாரணத் தார்த்தளத்தில் காற்றிடைவெளி நூற்றுக்கு நாலைந்துதான். இதில் ஏறத்தாழ 20. பொடி ஜல்லியைக் குறைத்துவிடுவதால் கற்களுக்கு நடுவே சந்துகள் விழுந்து, ஒன்றோடொன்று இணைந்து, தண்ணீருக்கு வழியாகின்றன.

இதை மெல்லிய மேற்பூச்சாகவும் போடலாம், அடிவரைக்கும் போடலாம்.

மேற்பூச்சு என்றால், இறுகிய பழைய தளத்தின் மேல் சுமார் 40 மி.மீ. தண்ணீர் சில நொடிகளில் உள்ளே இறங்கிவிடும். சிக்கல் அப்புறம்தான். அடியில் அடைப்பு, எனவே பக்கவாட்டில் ஊர்ந்து ஓரக் கால்வாய்க்குப் போக வேண்டும். சாலையின் சரிவோ நூற்றுக்கு இரண்டு, இரண்டரை. அந்தச் சரிவில் மூன்று தடங்களைக் கடக்க மணிக்கணக்காகும். 40 மி.மீ. தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடம் என்றால் கொள்வது 8 மி.மீ. மழை. மணிக்கு 60 மி.மீ. வீதம் கொட்டினால் எட்டே நிமிடத்தில் நிரம்பிவிடும்; மிச்சமெல்லாம் மேலே ஓடும். ஆனாலும் சாதாரணத் தூறலுக்கும் நடுத்தர மழைக்கும் இதற்கு ஈடில்லை. டயர் இரைச்சலும் குறையும். வேகமாக ஓடும் சாலைக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

கார்ப்பேட்டைக்கு வேறு கணக்கு. அடிவரை நுண்துளையாகப் போட்டு, கீழே 300 மி.மீ. ஜல்லிப் படுகை வைத்தால், பத்தில் நான்கு பங்கு வெற்றிடத்தில் 120 மி.மீ. மழை தங்கும். அடடா என்று தோன்றும், அதற்கும் கீழே உள்ள மண்ணைப் பார்க்கும்வரை. சிங்கப்பூரில் காலாங் பக்கத்துக் கடற்களிமண் தண்ணீரை லேசில் உறிஞ்சாது. ஆகவே துளையிட்ட வடிகுழாய் பதித்தே ஆகவேண்டும். அப்படியானால் இது மழையைக் குடிக்கும் தளமல்ல, தாமதப்படுத்தும் தொட்டி. சிங்கப்பூருக்கு அதுவும் பிரயோஜனம்தான்: 0.2 ஹெக்டர், அதற்கு மேற்பட்ட புதிய கட்டுமானங்கள் மழைநீரை அங்கேயே சற்றுப் பிடித்துவைத்து மெதுவாக விட வேண்டும் என்று பொதுப் பயனீட்டுக் கழகம் 2014 முதல் கேட்கிறது.

அதே படுகையின் மேல் தாருக்குப் பதில் கற்பாவும், அதாவது கல் பாவிய தளமும், போடலாம். கல்லுக்குக் கல் இடைவெளி, அதில் பொடிக்கல். எங்கள் புளோக் அருகே அப்படி ஒரு தளம் உண்டு. ஒன்றரை லிட்டர் போத்தலைக் கவிழ்த்துப் பார்த்தேன். வெட்டவெளியில் தரையைத் தொட்டதும் காணாமல் போனது. தூங்குமூஞ்சி மரத்தடியில் இலைத்தூள் அப்பிய இடத்தில் குளமாக நின்றது. விரல் நுனியால் கிளறினேன். மேலே ஒட்டியிருந்த கறுப்பு மண் பெயர்ந்ததும் குளம் வற்றியது.

அழுக்கு மேலோடு நிற்பதுதான் கற்பாவின் சாதகம். பொடிக்கல்லைச் சுரண்டி எடுத்துப் புதிதாக நிரப்பலாம். தாரில் அழுக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். உறிஞ்சு இயந்திரம் விட்டுக் கழுவினாலும் முழுசாகத் திரும்பாது. போதாக்குறைக்கு, ஒரே இடத்தில் ஸ்டியரிங்கை ஒடித்து ஒடித்துத் திருப்பினால் ஜல்லி பெயரும். கார்ப்பேட்டையில் நாள் முழுக்க நடப்பது அதுதானே! விலை கூடினாலும் அங்கே கற்பாவுதான் சரி என்பேன்.

கார்ப்பேட்டையில் எதைப் போட்டிருந்தாலும், நல்ல மழைக்குப் பிறகு வடிகுழாயின் வாயைப் போய்ப் பாருங்கள். மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்தும் ஒழுகிக்கொண்டிருந்தால், தளம் வேலை செய்கிறது.