சென்டர் டிஃபரன்ஷியல் இருக்கிறது என்று சொல்லி விற்றார்கள்: பழைய ஃபோர் பை ஃபோர் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

செகண்ட் ஹேண்டில் ஃபோர் பை ஃபோர், அதாவது நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி தேடிக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். கோவையில் பழைய கார் விற்கிற ஓர் இடத்தில் எனக்கு நடந்தது இது.

மாமனார் வீடு வால்பாறையில். ஆழியாறிலிருந்து ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவு. மழைக்காலத்தில் அட்டகட்டிக்கு மேலே ரோடு காய்வதே இல்லை. தார் ரோட்டிலும் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும் என்று சொல்லித்தான் போனேன். 2017 டொயோட்டா ஃபார்ச்சூனர் ஒன்றைக் காட்டினார்கள். முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் வேறு வேறு வேகத்தில் சுழல விடுகிற, நடுவில் இருக்கிற கியர் அமைப்புதான் சென்டர் டிஃபரன்ஷியல். அது இருந்தால்தான் தாரிலும் நாலு சக்கரத்தில் ஓட்டலாம். "இதுல சென்டர் டிஃபரன்ஷியல் இருக்குங்களா?" என்று நேராகவே கேட்டேன். "ஃபார்ச்சூனர்ன்னாலே ஃபுல் டைம்தானுங்கண்ணா. ஹெச் 4-ல போட்டுட்டு மறந்துடுங்க" என்றார் விற்றவர். அதாவது எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கும், ஹெச் 4 என்கிற ஃபோர் வீல் நிலையிலேயே விட்டுவிடலாம் என்று. வாட்ஸாப்பிலும் அப்படியே எழுதி அனுப்பினார். அதை நம்பித்தான் டூ வீல் டிரைவ் வண்டியைவிட லட்சக்கணக்கில் கூடுதலாகக் கொடுத்தேன்.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. 2009-ல் இங்கே வந்த முதல் தலைமுறை ஃபார்ச்சூனர் ஃபோர் பை ஃபோர் நிஜமாகவே ஃபுல் டைம். டோர்சன் வகை சென்டர் டிஃபரன்ஷியல், லீவரில் ஹெச், ஹெச்எல், எல்எல் என்றிருக்கும், டூ வீல் நிலையே இல்லை. 2016 கடைசியில் வந்த அடுத்த தலைமுறை பார்ட் டைம், அதாவது வேண்டும்போது மட்டும் நாலு சக்கரம். திருகுகிற நாபில் ஹெச் 2 (டூ வீல்), ஹெச் 4 (ஃபோர் வீல்), எல் 4 (குறைந்த வேக ஃபோர் வீல்) என்றிருக்கும். அதில் சென்டர் டிஃபரன்ஷியலே கிடையாது.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டத்தில் ஓடும், பின் சக்கரங்கள் உள்ளே சின்ன வட்டத்தில் ஓடும். இந்த வண்டியில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஒரு சுற்று வந்தால், முன் ஆக்சில் பின் ஆக்சிலைவிடக் கிட்டத்தட்ட 5 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். அந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுப்பதுதான் சென்டர் டிஃபரன்ஷியலின் வேலை. பார்ட் டைம் வண்டியை ஹெச் 4-ல் போட்டால் முன், பின் ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகிற ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் இரண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். சேற்றிலோ மணலிலோ டயர் கொஞ்சம் வழுக்கி அந்த முறுக்கைத் தீர்த்துவிடும். தாரில் பிடிப்பு அதிகம், அப்படி எளிதாக வழுக்காது. முறுக்கு முழுக்க டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற பெட்டி), ஷாஃப்ட், டயர் மேல்தான் ஏறும்.

விற்றவர் சொன்னபடி தாரிலும் ஹெச் 4-லேயே ஓட்டினேன், எனக்கும் அப்படித்தான் ஆனது. ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங் இறுகும், டயர் தேய்கிற சத்தம் கேட்கும், ஆக்சிலரேட்டரை விட்டால் யாரோ பிரேக் பிடித்த மாதிரி வண்டி நிற்கும். விற்ற இடத்தில் கேட்டால் "அலைன்மென்ட் பாருங்கண்ணா" என்றார்கள். அப்புறம் கீழே ஊ என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. பொள்ளாச்சியில் ஒரு மெக்கானிக் பெரியவர் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலை இறக்கி, இரண்டு விரலில் தேய்த்து வெயிலில் காட்டினார். விரல் முழுக்க வெள்ளி நிற உலோகப் பொடி. "தம்பி, தார் ரோட்டுல ஹெச் 4-ல ஓட்டச் சொன்னது யாரு?" என்று கேட்டார். முன் டயர் இரண்டும் ஓரத்தில் தேய்ந்து போயிருந்தன.

வண்டியைக் குறை சொல்ல எதுவுமில்லை. ஹெச் 2-ல் தாரில் ஓட்டி, வழுக்குகிற இடத்தில் மட்டும் ஹெச் 4 போட்டிருந்தால் அருமையான வண்டி. ஆனால் நான் கேட்டது இது இல்லையே! ஓனர் மேனுவலையும் கொடுக்கவில்லை, "வருதுங்கண்ணா" என்றே இழுத்தடித்தார்கள்.

நீங்கள் பார்க்கப் போனால் காய்ந்த தார்த் தரையில், ஆள் இல்லாத இடத்தில் ஹெச் 4 போட்டு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, நடை வேகத்தில் அரை வட்டம் மட்டும் அடியுங்கள். இறுகி முரண்டு பிடித்தால் நடுவில் டிஃபரன்ஷியல் இல்லை, அல்லது அது பூட்டியிருக்கிறது. தாராளமாகச் சுற்றினால் சரி. டூ வீல் நிலை இருக்கிற எல்லாமே பார்ட் டைம் என்றும் சொல்ல முடியாது. மிட்சுபிஷியின் சூப்பர் செலக்ட்டில் அதுவும் உண்டு, சென்டர் டிஃபரன்ஷியலும் உண்டு. அதனால்தான் ஓட்டிப் பார்க்கச் சொல்கிறேன். "டிஃப் லாக் இருக்கு", அதாவது டிஃபரன்ஷியலைப் பூட்டுகிற வசதி இருக்கிறது என்பதிலும் ஏமாறாதீர்கள். பெரும்பாலும் அது பின் ஆக்சிலில் இருப்பது, நடுவில் இருப்பதோடு சம்பந்தமில்லை.

ரிப்பேர் செலவைக் கேட்டபோது, "ஃபோர் வீல் போட்டா ஃபுல் டைம்தானேங்க" என்று பேச்சை மாற்றினார்கள். வாட்ஸாப் மெசேஜ், பில், மெக்கானிக் எழுதிக் கொடுத்தது மூன்றையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், நினைவில் வையுங்கள். அதே இடத்தில் இப்போது இன்னொரு ஃபார்ச்சூனர், 2018 வண்டி, நிற்கிறது. விளம்பரத்தில் "ஃபுல் டைம்" என்றே போட்டிருக்கிறார்கள்.