மலைமண்ணில் மழை இறங்குவதைக் கணக்கிட: சொந்த புரோகிராமா, லைப்ரரியா?

2009 நவம்பரில் குன்னூர், கேத்திப் பக்கம் மண் சரிந்ததை அறிந்த யாருக்கும் அடைமழை என்றாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். சார்னோகைட் பாறை சிதைந்து, பல இடங்களில் மீட்டர் கணக்கில் செம்மண்ணாகக் கிடக்கும் மலை இது. பெய்யும் மழை அதற்குள் எவ்வளவு வேகமாக இறங்குகிறது, அடியில் நீரழுத்தம் எப்போது ஏறுகிறது என்று கணக்கிடத்தான் ஃபைனைட் எலிமெண்ட் கற்க உட்கார்ந்தேன். மண்ணை எலிமெண்ட் எனப்படும் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறை அது.

இரண்டு வழிகள் இருந்தன. ஆக்டேவ் என்ற கணக்கீட்டு மொழியில் எல்லாவற்றையும் நாமே எழுதுவது, அல்லது பைத்தானில் இந்த முறைக்கென்றே தயாராக இருக்கும் ஃபெனிக்ஸ் லைப்ரரியை எடுத்துக்கொள்வது. இரண்டுமே இலவசம்.

ஃபெனிக்ஸில் சமன்பாட்டைத் தாளில் எழுதுவது போலவே சில வரிகளில் எழுதிவிடலாம். ஒவ்வொரு துண்டின் எண்களையும் ஒரே மேட்ரிக்ஸாகக் கோப்பதை அது பார்த்துக்கொள்ளும். சொந்தமாக எழுதியபோது முதல் விடை வரவே எனக்கு மூன்று வாரம் ஆனது. ஆனாலும் கற்கிறவருக்கு நான் சொல்வது சொந்தமாக எழுதுவதைத்தான். விடை தப்பாக வரும்போது எங்கே கை வைப்பது என்று அப்போதுதான் தெரிகிறது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆறு மீட்டர் மண் தூண், மேலே மழை, மண்ணுக்குள் நீர் நகர்வதைச் சொல்லும் ரிச்சர்ட்ஸ் சமன்பாடு. முதலில் லைப்ரரியில் ஓட்டினேன். ஈரம் இறங்கும் முனைக்குச் சற்றுக் கீழே, மண் தொடக்கத்தில் இருந்ததைவிடக் காய்ந்துபோனதாக விடை வந்தது. மழை பெய்து மண் காயுமா? டைம் ஸ்டெப்பை, அதாவது கணக்கு ஒவ்வொரு தடவையும் முன்னே நகரும் நேர இடைவெளியைக் குறைத்தேன், இன்னும் மோசமானது. அங்கேயே பல நாள் நின்றுவிட்டேன்.

அப்புறம் நானே எழுதிய புரோகிராமில் ஒரே ஒரு எலிமெண்டின் மாஸ் மேட்ரிக்ஸை, அதாவது நேரத்தோடு ஈரம் மாறுவதைக் கணக்கில் சேர்க்கும் எண் கட்டத்தை அச்சிட்டுப் பார்த்தேன். எலிமெண்ட் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு, அதோடு பெருக்க 2, 1, 1, 2. அந்த 1 தான் பக்கத்து நோடுகளை, அதாவது எலிமெண்டின் முனைப் புள்ளிகளைப் பிணைக்கிறது. ஒரு நோடில் ஈரம் சட்டென்று ஏறினால் அடுத்தது கீழே தள்ளப்படுகிறது. எலிமெண்ட் நீளத்தின் வர்க்கத்தை, நீர் பரவும் கெழுவின் ஆறு மடங்கால் வகுத்தால் ஒரு நேர அளவு வரும். டைம் ஸ்டெப் அதற்குக் கீழே போனால் இந்தத் தொல்லை தலைகாட்டும். காய்ந்த மண்ணில் கெழு மிகச் சிறியது, ஆகவே அந்த வரம்பு மிகப் பெரியது. நான் குறைக்கக் குறைக்க மோசமானது இதனால்தான். பக்கத்து 1-களை மூலைவிட்டத்தோடு கூட்டி, 3, 0, 0, 3 என்று மாற்றினேன். ஒரு வரி மாற்றம், தொல்லை போய்விட்டது.

ஃபெனிக்ஸிலும் இதைச் செய்யலாம். ஆனால் எதைக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று, பழைய ஃபெனிக்ஸுக்கு எழுதியதைப் புதிய ஃபெனிக்ஸ்எக்ஸில் ஓட்ட நிறைய வரிகளைத் திருத்த வேண்டும்.

நான் செய்தது தூணும் இரு பரிமாணக் குறுக்குவெட்டு ஒன்றும்தான். ஒரு முழு மலைச்சரிவை முப்பரிமாணத்தில் எடுக்கும்போது சொந்த புரோகிராம் தாங்கும் என்று அடித்துச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. அப்போது லைப்ரரிக்குத்தான் போவேன் என்று நினைக்கிறேன். போனாலும், முதலில் அந்த ஆறு மீட்டர் தூணை அதில் ஓட்டி, என் ஆக்டேவ் விடையோடு வைத்துப் பார்ப்பேன்.