பருத்திக்கொட்டை, தானியம், தீவனம் அரைக்க: ஹேமர் மில்லா, ரோலர் மில்லா, தட்டு மில்லா?

பருத்திக்கொட்டை அரைபட வேண்டும், மக்காச்சோளம் உடைபட வேண்டும், புண்ணாக்கு தூளாக வேண்டும், எல்லாவற்றுக்கும் சேர்த்து எந்த மெஷின் வாங்கலாம் என்று கேட்டால், மணிக்கு இத்தனை கிலோ அரைக்கும் என்று ஒரு எண்ணைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். நன்றாகக் காய்ந்த மக்காச்சோளத்தைப் பெரிய கண் சல்லடையில் ஓட்டினால் கிடைக்கும் எண் அது. பஞ்சும் எண்ணெயும் சேர்ந்த பருத்திக்கொட்டையை அதே வாயில் கொட்டிப் பாருங்கள், அந்த எண் எங்கே போனது என்றே தெரியாது. அதனால் மெஷினைப் பார்க்கப் போவதற்கு முன்னால் இரண்டு கேள்விகளுக்கு விடை வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இருப்பதிலேயே அதிகமாக அடம்பிடிக்கும் சரக்கு எது? அதைத் தின்னப்போவது எந்தக் கால்நடை? இந்த இரண்டும் தெளிவானால் மெஷின் கிட்டத்தட்ட தானாகவே முடிவாகிவிடும்.

முதலில் கொட்டையைப் பார்ப்போம், ஏனென்றால் இதில் தொல்லை பிடித்தது அதுதான். ஜின்னிங் (பருத்தியிலிருந்து பஞ்சைப் பிரிப்பது) முடிந்து வரும் பருத்திக்கொட்டையின் மேல் குட்டை இழைப் பஞ்சு ஒட்டியே இருக்கும். எடையில் ஏறக்குறைய 10 சதவீதம் அந்தப் பஞ்சுதான். அதற்குக் கீழே கடினமான ஓடு, உள்ளே எண்ணெய்ப் பருப்பு. முழுக் கொட்டையில் எண்ணெய் மட்டும் 16 முதல் 20 சதவீதம் வரை இருக்கும், புரதம் 20 சதவீதத்துக்கு மேல். பஞ்சு ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் கொட்டை ஹாப்பரில் தானியம் மாதிரி வழிந்து இறங்காது, பாலம் கட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். ஓட்டை உடைக்க அடியோ வெட்டோ வேண்டும். பருப்பை அழுத்தினாலோ எண்ணெய் கக்கும். இழுக்கிற பொருள், உடைகிற பொருள், பிசுபிசுக்கிற பொருள் மூன்றும் ஒரே கொட்டைக்குள் இருக்கின்றன என்றால், ஒரே விதமான அரைப்பு எப்படிப் போதும்? எண்ணெய் ஆலைகள் இதைத் தனித்தனிப் படியாகச் செய்வதற்குக் காரணமும் இதுதான்: முதலில் பஞ்சைச் சுரண்டி எடுத்து, அப்புறம் ஓட்டை உடைத்துச் சலித்துப் பிரித்து, கடைசியில் பருப்பை மட்டும் உருளைகளுக்கு இடையே கொடுத்துத் தட்டையாக்குவார்கள்.

ஹேமர் மில் வேலை செய்வது அடியால். வேகமாகச் சுற்றும் ஒரு சுழலி, அதில் ஊசலாடும் இரும்புப் பட்டைகள், சுற்றிலும் துளை போட்ட சல்லடை. சரக்கு அடிபட்டு, சல்லடையில் மோதி, துளை வழியாகப் போகும் அளவுக்கு வந்ததும் வெளியே விழும். இங்கே பலர் ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதை) மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். அடியின் வலு பட்டை முனையின் வேகத்தில் இருக்கிறது, அது சுழலியின் விட்டத்தையும் பொறுத்தது. 50 செ.மீ விட்டமுள்ள சுழலி 2900 ஆர்பிஎம்மில் ஓடினால் முனை வேகம் விநாடிக்கு 76 மீட்டர் வரும். அதே 2900-இல் 30 செ.மீ சுழலி 46 மீட்டரைத்தான் தொடும். நைஸாக அரைக்கும் தீவன ஆலைகளில் 80 மீட்டருக்கு மேல் ஓட்டுவது வழக்கம். மாட்டுக்குக் குருணை போதும் என்றால் அதைவிட நன்றாகவே குறையலாம், குறைவதுதான் நல்லதும்கூட, வேகம் ஏற ஏற மாவும் தூசியும் சூடும் சேர்ந்து ஏறும். இன்னொன்று, சல்லடையில் 3 மி.மீ கண் என்றால் வெளியே வருவது 3 மி.மீ துண்டு என்று நினைக்காதீர்கள். துகள்கள் சல்லடையை நேராகத் தாக்குவதில்லை, சாய்ந்து உரசிக்கொண்டு போகின்றன, ஆகவே அவற்றுக்குக் கிடைக்கும் வழி துளையைவிடக் குறுகலானது; சராசரித் துகள் அதைவிட எவ்வளவோ சிறிதாகத்தான் இருக்கும்.

இதன் பெரிய பலம், எதைப் போட்டாலும் ஏதோ ஒரு அளவுக்கு அரைத்துவிடும். தானியம், புண்ணாக்குக் கட்டி, உமி, காய்ந்த தட்டை, கதிர்த்தண்டோடு சேர்ந்த மக்காச்சோளம், எல்லாமே போகும். சல்லடையை மாற்றினால் அளவு மாறும். சின்னக் கல் வந்தால் பட்டை பின்வாங்கி ஊசலாடித் தப்பிக்கும் (ஆணியோ நட்டோ வந்தால் சல்லடை கிழியும், தீப்பொறி பறக்கும், அதனால் ஹாப்பர் வாயில் காந்தம் இல்லாத ஹேமர் மில்லை வாங்கவே வாங்காதீர்கள்). பராமரிப்பும் எளிது. பட்டையின் முன்மூலை மழுங்கினால் திருப்பிப் போடலாம், துளை இரண்டு முனையிலும் இருந்தால் நான்கு மூலையையும் பயன்படுத்தலாம். மாற்றும்போது மட்டும் பட்டைகளைத் தாங்கும் எதிரெதிர் ஊசிகளில் வரும் பட்டைகள் எடையில் சமமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதிர்வு பேரிங்கைத் தின்றுவிடும்.

பருத்திக்கொட்டையை இதில் தனியாக, சின்னக் கண் சல்லடையில் போட்டால் என்ன ஆகும் என்பதைக் கிட்டத்தில் இருந்து பார்க்க வேண்டும். முதல் சில நிமிடம் எல்லாம் சரியாகத்தான் தெரியும். அப்புறம் ஆம்பியர் மீட்டரின் முள் மெல்ல ஏறும், வெளியே விழுவது குறையும், விழுவதைக் கையில் பிடித்தால் சுடும். நிறுத்தித் திறந்தால் சல்லடையின் உட்புறம் முழுக்க பஞ்சும் எண்ணெயும் குருணையும் சேர்ந்து கம்பளி விரிப்பு போல ஒரு படலம் படிந்திருக்கும். நகத்தால் ஒரு ஓரத்தைக் கிளப்பினால் அப்படியே உரிந்து வரும், அடியில் துளைகள் ஒவ்வொன்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்திருக்கும். மோட்டாரைப் பெரிதாக்கினால் இது தீராது, சூடு கூடி இன்னும் சீக்கிரம் அடைக்கும். தீர்வு வேறு இடத்தில் இருக்கிறது: கண்ணைப் பெரிதாக்குங்கள், 8 அல்லது 10 மி.மீக்குப் போங்கள், கொட்டையைத் தனியாக ஓட்டாமல் காய்ந்த தானியத்தோடு கலந்து ஓட்டுங்கள், தானியம் சல்லடையைத் தேய்த்துச் சுத்தம் செய்துகொண்டே போகும், வெளியாகும் எண்ணெயையும் மாவு உறிஞ்சிக்கொள்ளும். கூடவே சல்லடைக்குக் கீழே காற்றை இழுக்கும் விசிறி இருந்தால் சூடும் தூசியும் இரண்டும் அடங்கும், உற்பத்தியும் கூடும்.

ரோலர் மில் வேறு ஜாதி. வரி வெட்டிய இரண்டு உருளைகள், ஒன்று மற்றதைவிட வேகமாகச் சுற்றும், இடைவெளி வழியாகப் போகும் தானியம் அழுத்தமும் வெட்டும் பட்டு உடையும். தானியத்துக்கு மட்டும் என்றால் எனக்கு இதுதான் முதல் தேர்வு, இதில் தயக்கமே இல்லை. துகள்கள் ஒரே அளவாக வரும், மாவு குறைவு, சத்தம் குறைவு, சூடு குறைவு, குருணை எடுப்பதற்கு ஹேமர் மில்லைவிடக் குறைந்த மின்சாரமே போதும். மாட்டுக்குச் சோளத்தையோ பார்லியையோ ஒன்றிரண்டாக உடைத்துத் தர இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் பஞ்சோடு இருக்கும் பருத்திக்கொட்டையை உருளை வாய்க்குள் இழுத்துக்கொள்ளவே திணறும், நார்ப் பொருளை உடைக்காமல் தட்டையாக்கி அனுப்பிவிடும், புண்ணாக்குப் பாளத்தைக் கொடுக்கவே முடியாது. கல்லும் இரும்பும் உள்ளே போனால் வரிகள் சிதைந்துவிடும், திரும்ப வரி வெட்ட உருளையைக் கழற்றித் தனிப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். இரண்டு உருளைக்கும் நடுவே இடைவெளி இந்த ஓரத்திலும் அந்த ஓரத்திலும் ஒரே அளவாக இருக்கிறதா என்று அடிக்கடி பார்ப்பதும் அவசியம், ஒரு பக்கம் முழுத் தானியமும் மறுபக்கம் மாவுமாக விழுந்தால் அங்கேதான் கோளாறு.

ஒரு விலக்கு உண்டு. பஞ்சு நீக்கிய வழுக்கைக் கொட்டை, அல்லது பீமா பருத்தி மாதிரி இயல்பிலேயே பஞ்சு ஒட்டாத கொட்டை இருந்தால் ரோலர் அழகாக உடைக்கும். அந்தக் கொட்டையை உடைத்துத்தான் ஆக வேண்டும், ஏனென்றால் பஞ்சு இல்லாத கொட்டை மாட்டின் வயிற்றில் தங்காமல் கீழே இறங்கி முழுசாகச் சாணத்தில் வந்துவிடும்.

தட்டு மில், அதாவது ஒரு தட்டு நிற்க மற்றது சுற்ற நடுவில் அரைபடும் மெஷின், கல்லாகவும் இருக்கலாம், வார்ப்பிரும்பாகவும் இருக்கலாம். சின்ன மோட்டார் போதும், திருகைத் திருப்பினால் இடைவெளி மாறும், கொஞ்சம் ஈரமான தானியத்தையும் ஹேமர் மில்லைவிடப் பொறுத்துக்கொள்ளும். நாலைந்து மாடு வைத்திருப்பவருக்கு இது நல்ல மெஷின். குறைகள் இரண்டு. தட்டு தேயத் தேய மாவும் முழுத் தானியமும் கலந்து வரும். பருத்திக்கொட்டையைக் கொடுத்தால் வரிகளில் எண்ணெய்ப் பசை அப்பிக்கொண்டு வழுக்க ஆரம்பிக்கும். சரக்கு தீர்ந்த பிறகும் ஓடவிடுவதுதான் இதற்குச் செய்யும் பெரிய கெடுதல், தட்டும் தட்டும் நேரடியாக உரசி ஒரே நாளில் மழுங்கிவிடும், பொறியும் பறக்கும். இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1878-ஆம் ஆண்டு மே 2-ஆம் தேதி அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் வாஷ்பர்ன் மாவு ஆலை வெடித்து 18 பேர் இறந்தார்கள். தானியம் இல்லாமல் ஓடிய அரைகற்கள் உரசிப் பறந்த பொறி காற்றில் நிறைந்திருந்த மாவுத் தூசியைப் பற்றவைத்தது என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். தீவனத் தூசியும் அதே மாதிரி எரியும் தூசிதான், பருத்திப் பஞ்சும் சீக்கிரம் தீப்பிடிக்கும். அரவை அறையில் உத்தரத்திலும் மோட்டார் மேலும் படியும் தூசியை அன்றன்றே கூட்டுவது எந்த மெஷின் வாங்கினாலும் பொருந்தும்.

கொட்டையை ஊறவைத்து ஈரமாக ஆட்டுவது இன்னொரு வழி. பஞ்சு பறக்காது, சூடாகாது, அடைக்காது, மாடும் விரும்பிக் குடிக்கும். அன்றைக்கு ஆட்டியதை அன்றைக்கே தீர்க்க வேண்டும், வைத்தால் புளித்துவிடும். தீவனம் கலந்து மூட்டை கட்டுபவருக்கு இது உதவாது.

இனி கால்நடை. அசை போடும் மாட்டுக்குத் தானியத்தை மாவாக அரைத்தால் வயிற்றில் அது வேகமாகப் புளித்து அமிலம் ஏறும், தீனி எடுப்பது குறையும், உடைத்தாலே போதும். பன்றிக்கு நைஸாக, 600 முதல் 700 மைக்ரான் (0.6 முதல் 0.7 மி.மீ) அளவில் அரைத்தால் செரிமானம் நன்றாக இருக்கும், அதற்கும் கீழே போனால் இரைப்பையில் புண் வரும் ஆபத்து கூடும். கோழிக்கு அரைவைப்பை இருக்கிறது, கொஞ்சம் கரடுமுரடாக இருந்தால் அது நன்றாகவே வேலை செய்யும். ஆடு தானே மென்றுகொள்ளும், பல தானியங்களை முழுசாகவே தரலாம்.

பருத்திக்கொட்டை விஷயத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. வளர்ந்த கறவை மாட்டுக்குப் பஞ்சோடு உள்ள முழுக் கொட்டையை அரைக்கவே தேவையில்லை. அந்தப் பஞ்சு வயிற்றில் மேலே மிதக்கும் நாரோடு சேர்ந்து நிற்க, மாடு அசை போடும்போது கொட்டை கொஞ்சம் கொஞ்சமாக உடையும், எண்ணெயும் மெதுவாக வெளியாகும். நைஸாக அரைத்துப் போட்டால் எண்ணெய் முழுவதும் ஒரே சமயத்தில் இறங்கி நார் செரிக்க உதவும் நுண்ணுயிர்களைத் தடுக்கும். பருப்பில் காசிப்பால் என்ற நஞ்சும் இருக்கிறது. வளர்ந்த மாட்டின் வயிறு அதில் பெரும்பகுதியைக் கட்டிப்போடும், அதுவும் மெதுவாக வந்தால்தான் முடியும். பால்குடிக் கன்றுக்கும் பன்றிக்கும் கோழிக்கும் அந்தத் தற்காப்பு இல்லை, எந்த மில்லில் எவ்வளவு நைஸாக அரைத்தாலும் காசிப்பால் போகாது. முட்டைக் கோழி தின்றால் மஞ்சள் கரு பச்சை கலந்த பழுப்பாக மாறும். பூஞ்சை பிடித்த கொட்டையில் இருக்கும் அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சும் அரைப்பதால் போகாது, மூட்டை முழுக்கப் பரவத்தான் செய்யும்.

ஆக, உங்கள் சரக்கில் தானியம் மட்டும்தான், தின்பது மாடுதான் என்றால் ரோலர் மில். கொட்டையை முழுசாகவே கொடுத்துக்கொள்ளலாம். தானியம், புண்ணாக்கு, தட்டை, கொட்டை எல்லாம் கலந்த தீவனம் தயாரிக்க வேண்டும், பன்றிக்கோ கோழிக்கோ தனி அரவையும் வேண்டும் என்றால் ஹேமர் மில்தான், கூடவே மூன்று நான்கு அளவில் சல்லடைகள். கோழிக்கும் பன்றிக்குமான அரவையில் மட்டும் கொட்டை சேரக் கூடாது. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மூட்டைக்கு மேல் அரைக்காதவருக்குத் தட்டு மில்லே தாராளம், கொட்டையை அதில் போடாமல் இருந்தால்.

வாங்கும் முன் உங்கள் சொந்தச் சரக்கிலேயே ஒரு மூட்டை எடுத்துக்கொண்டு போய் ஓட்டிப் பாருங்கள், அவர்கள் வைத்திருக்கும் காய்ந்த மக்காச்சோளம் வேண்டாம். தானியத்தில் ஈரம் 14 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஹேமர் மில்லின் உற்பத்தி சட்டென்று விழும், அதுவும் அங்கேயே தெரிந்துவிடும். குறைந்தது இருபது நிமிடம் நிறுத்தாமல் ஓட்டச் சொல்லுங்கள், ஐந்து நிமிடத்தில் எந்த மெஷினும் நன்றாகத்தான் அரைக்கும். ஆம்பியர் ஏறுகிறதா, வருவது சுடுகிறதா என்று பாருங்கள். வந்ததில் ஒரு கைப்பிடியை வெள்ளைத் துணியில் பரப்பினால் முழுத் தானியம் எத்தனை, மாவு எவ்வளவு என்பது கண்ணுக்கே தெரியும். அப்புறம் மெயின் ஸ்விட்சை அணைத்து, சுழலி முழுவதும் நின்ற பிறகு, சல்லடையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கழற்ற எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் கவனியுங்கள், ஏனென்றால் கொட்டை அரைக்கிற நாட்களில் அதை நீங்கள் அடிக்கடி கழற்ற வேண்டியிருக்கும்.