மான்டிஸ் பக் டிராக்கர்: இன்னும் பிடிக்கும், ஆனால் 5க்கு 3.5 தான்

சின்ன டீமுக்கு எந்த பக் டிராக்கர் (மென்பொருளில் கண்ட பிழைகளைப் பதிவு செய்து பின்தொடரும் கருவி) நல்லது என்று கேட்டால் நான் இன்னும் மான்டிஸைத்தான் சொல்வேன். இலவசம், பிஎச்பியும் மைஎஸ்கியூஎல்லும் ஓடுகிற சாதாரண சர்வரே போதும், டெஸ்டர்களுக்கு உட்கார்ந்து சொல்லித்தர வேண்டிய வேலையும் அதிகம் இல்லை. நான் மார்க்கைக் குறைப்பது எக்ஸ்எஸ்எஸ் விஷயத்தில், அதாவது யாரோ எழுதிய ஸ்கிரிப்ட் (சின்ன நிரல்) அடுத்தவர் பிரவுசரில் ஓடிவிடும் ஓட்டை விஷயத்தில்.

பக் டிராக்கரில் இந்த ஓட்டை ரொம்ப ஆபத்து. ஏனென்றால் முகம் தெரியாத யாரோ டைப் செய்ததை அட்மினும் டெவலப்பரும் லாகின் செய்த நிலையிலேயே திறந்து படிக்கிறார்கள், அதுதான் அவர்கள் வேலையே. பக்கின் தலைப்பில் ஒரு ஸ்கிரிப்ட் டேகைப் போட்டு, மென்பொருள் அதை எஸ்கேப் செய்யாமல் (வெறும் எழுத்தாக மாற்றாமல்) அப்படியே காட்டிவிட்டால், அது அட்மினின் பிரவுசரில் அட்மினின் உரிமையோடு ஓடும். 2010 ஏப்ரலில் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளை வைத்திருந்த ஜிரா என்ற இன்னொரு பக் டிராக்கரில் இந்த மாதிரிதான் நடந்தது. டிக்கெட்டில் (பக் பதிவில்) ஒரு சுருக்கிய லிங்க், அதை அட்மின்கள் சிலர் கிளிக் செய்ய, எக்ஸ்எஸ்எஸ் வழியாக அவர்களுடைய செஷன் (லாகின் செய்த நிலை) பறிபோனது. இன்னொரு பக்கம் தாக்கியவர்கள் பாஸ்வேர்டுகளையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். எப்படியோ அட்மின் உரிமை கைக்கு வந்ததும், லாகின் செய்பவர்களின் பாஸ்வேர்டைச் சேகரிக்கிற ஃபைலையே சர்வரில் ஏற்றிவிட்டார்கள்.

மான்டிஸுக்கு வருவோம். 2018ல் ஃபில்டர் பக்கத்தில், யுஆர்எல்லில் ஃபைல் பெயருக்குப் பின்னால் ஒட்டவைக்கும் பகுதி வழியாக ஒரு எக்ஸ்எஸ்எஸ் வெளிவந்தது, 2.1.0 முதல் 2.15.0 வரை எல்லாவற்றிலும். சரி, அடைத்துவிட்டார்கள் என்று பார்த்தால் அடைத்தது அரைகுறை, 2.17.0 வரை வழி திறந்தே இருந்தது. காரணம் எனக்குப் புரிகிறது: எஸ்கேப் செய்ய ஸ்ட்ரிங் டிஸ்ப்ளே லைன் மாதிரி நல்ல ஃபங்ஷன்கள் உள்ளே இருக்கின்றன, ஆனால் திரையில் எழுதும் ஒவ்வொரு இடத்திலும் புரோகிராம் எழுதுபவர்தான் நினைவாக அதைக் கூப்பிட வேண்டும். ஓரிடத்தில் விட்டால் போச்சு. வெளியார் எழுதிய பிளகின்களை (கூடுதல் வசதி சேர்க்கும் துணை நிரல்களை) போடும்போது எனக்கு இருக்கும் பயமும் இதுதான்.

பாராட்ட வேண்டியதும் உண்டு. ஓட்டைகளை மறைக்காமல் எந்த வெர்ஷன்வரை பாதிப்பு என்று பளிச்சென்று எழுதிவிடுகிறார்கள். அப்புறம் 2.x வரிசை வெர்ஷன்கள் சிஎஸ்பி ஹெடரை (எந்த ஸ்கிரிப்டை ஓடவிடலாம் என்று பிரவுசருக்குச் சொல்லும் குறிப்பை) தாங்களாகவே அனுப்புவதால், பக்கத்துக்குள் திணித்த ஸ்கிரிப்டைப் பல நேரம் பிரவுசரே தடுத்துவிடும். ஏதோ பிளகின் வேலை செய்யவில்லை என்று தயவுசெய்து அந்த ஹெடரைத் தளர்த்தாதீர்கள்.

ஆபீஸுக்குள் மட்டும் ஓட்டுகிறவர்கள் தாராளமாகப் போடலாம். வாடிக்கையாளர்களும் பக் பதிவு செய்யட்டும் என்று வெளியே திறந்துவைப்பதாக இருந்தால், நிறுவியதும் ரூட் என்கிற அந்தப் பழைய அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, அட்மின் ஃபோல்டரை அழித்து, புது வெர்ஷன் வந்த வாரத்திலேயே ஏற்ற ஒரு ஆளையும் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.