டர்போ காரில் பிஸ்டன் டைவர்டர் வால்வு: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

டர்போ பெட்ரோல் காரில் முதலில் களைத்துப் போகிற உதிரிகளில், டர்போ தள்ளும் மிஞ்சிய காற்றைத் திருப்பிவிடும் டைவர்டர் வால்வும் ஒன்று. என் காரில் வந்தது பிளாஸ்டிக் உடலும் ரப்பர் டயாஃப்ரமும் (மெல்லிய சவ்வு) உள்ள வகை. அந்த ரப்பர் ஓரத்தில் கிழிந்ததும், மூன்றாவது கியரில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) 1 பார் வரை ஏறி, அங்கே நிற்காமல் கீழே வந்துவிடும். இழுவை நடுவிலேயே தளரும். எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. வால்வின் மேல் குழாயில் கை பம்பு மாட்டி வெற்றிடம் கொடுத்தபோது அது நிற்காமல் கசிந்ததும் காரணம் தெரிந்தது. அப்புறம் அலுமினிய உடலும் பிஸ்டனும் கொண்ட வால்வை வாங்கிப் பொருத்தினேன். இன்றுவரை அதுதான் ஓடுகிறது.

இந்த வால்வுக்கு வேலை வருவது கியர் மாற்றும்போது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், இன்ஜினுக்குள் காற்றை விடும் திராட்டில் மூடிக்கொள்கிறது. டர்போவோ நிமிடத்துக்கு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழன்றபடி இன்னும் காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. போக வழியில்லாத அழுத்தம் திரும்பி வந்து, டர்போவில் காற்றைத் தள்ளும் கம்ப்ரஸரின் இறக்கைகளை மோதும். அந்தப் 'படபட' ஒலியை ரசிப்பவர்கள் உண்டு. ஆனால் அது டர்போவின் வேகத்தைக் குறைத்து, தண்டையும் பேரிங்கையும் உலுக்குகிற ஒலி. திராட்டில் மூடியதும் இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்) உண்டாகும் வெற்றிடம் பிஸ்டனை மேலே இழுக்க, வால்வு திறந்து, மிஞ்சிய காற்று டர்போவின் முன்பக்கத்துக்கே திரும்பிப் போகிறது.

இதை வேஸ்ட்கேட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வேஸ்ட்கேட் புகைப் பக்கத்தில் இருப்பது. டர்பைனுக்கு (டர்போவில் புகை சுழற்றும் சக்கரம்) போகும் புகையில் ஒரு பகுதியை விலக்கிவிட்டு, பூஸ்ட் எவ்வளவு ஏறலாம் என்பதைக் கட்டுப்படுத்துவது. பூஸ்ட் அளவுக்கு மீறி ஏறுகிறது என்றால் பார்க்க வேண்டியது அதையும் அதைத் திறந்து மூடும் ஆக்சுவேட்டரையும்தான். டைவர்டர் வால்வை மாற்றி அந்தக் கோளாறு தீராது.

நான் வாங்கிய வால்வில், காற்றை உள்ளே திருப்பாமல் வெளியே விடும் வசதியும் இருந்தது. கொஞ்ச நாள் அப்படி ஓட்டிப் பார்த்தேன். 'புஷ்' என்ற ஒலி நன்றாகவே இருந்தது. ஆனால் என் காரில் உள்ளே வரும் காற்றை ஏர்ஃப்ளோ சென்சார் முதலிலேயே அளந்துவிடுகிறது. அளந்த காற்று வெளியே போனது இசியுவுக்கு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) தெரியாது. அந்தக் காற்றுக்கும் சேர்த்தே பெட்ரோல் தெளிக்கும். கியர் மாற்றும்போது ஒரு சின்னக் குலுக்கல், சிக்னலில் வந்து நிற்கும்போது ஆர்பிஎம் சரிவு, பின்னால் பெட்ரோல் வாடை. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கும் ஆகாது. திரும்ப உள்சுற்றுக்கே மாற்றிவிட்டேன், எல்லாம் நின்றுவிட்டது. மேனிஃபோல்ட் அழுத்தத்தை மட்டுமே வைத்துக் கணக்கிடும் இன்ஜின்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது.

சரி, குறைகள். முதலில் ஸ்பிரிங். மென்மையாக இருந்தால் பாதி ஆக்சிலரேட்டரிலேயே வால்வு லேசாகத் திறந்து பூஸ்ட் கசியும். கடினமாக இருந்தால் குறைந்த பூஸ்டில் காலை எடுக்கும்போது திறக்காமல் அதே 'படபட' வரும். எனக்கு நடுத்தர ஸ்பிரிங் சரியாக அமைந்தது. கூடுதல் பூஸ்டுக்கு டியூன் செய்த காருக்கு இது பொருந்தாமல் போகலாம்.

அடுத்தது பராமரிப்பு. இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்கேஸிலிருந்து வரும் எண்ணெய்ப் புகை பிஸ்டன் மேல் படிந்து பிசுபிசுப்பாகிறது. கவனிக்காமல் விட்டால் பிஸ்டன் மெதுவாகத்தான் நகரும். சர்வீஸின்போதெல்லாம் கழற்றித் துடைத்து, சிலிகான் கிரீஸை மெல்லிசாகத் தடவி மாட்டுகிறேன். டயாஃப்ரம் வகைக்கு இந்த வேலையே கிடையாது. கழற்றி மாட்டப் பொறுமையில்லாதவர்கள் அதே வகையில் புதிதாக ஒன்று வாங்கிப் போடுவதே நல்லது.

பவர் கூடுமா என்றால், கூடாது. இழந்த பூஸ்ட் திரும்பக் கிடைத்தது, கியர் மாற்றியபின் இழுவை சீக்கிரம் வருகிறது, அவ்வளவுதான். மைலேஜில் வித்தியாசம் தெரியவில்லை.

மாற்றுவதாக இருந்தால் மேனிஃபோல்டிலிருந்து வரும் அந்த ஒல்லியான வாக்வம் ஹோஸையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். இன்ஜின் சூட்டில் காய்ந்து வெடித்த ஹோஸ், எவ்வளவு நல்ல வால்வையும் திறக்க விடாது.